சுருதியை இறக்கிவிட்டோம், அண்ணே

என் அன்பு அண்ணே,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஊர்ப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமை பஜனை மறுபடியும் தொடங்கிவிட்டது. உன் ஆர்மோனியப் பெட்டியை வாசிப்பது நான்தான்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். "பஸ்ஸுல விசில் ஊதுறதோட ஒன் சங்கீதம் முடிஞ்சுதுடா" என்று ஊரார் முன்னால் சொன்னவன் ஆயிற்றே. கண்டக்டருக்கு அதற்கு மேல் எதற்கு என்று நானும் உன் பக்கத்தில் ஜால்ரா தட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நீ கண்ணை மூடிய பிறகு நாங்கள் பட்ட பாட்டைக் கேள். செல்போனில் சுருதி வைத்துப் பாடிப் பார்த்தோம். உன்னுடைய அதே நாலரைக் கட்டை, பெட்டியில் நீ பிடிக்கும் அந்தக் கறுப்புக் கட்டையின் உயரம். உனக்கு வெண்கலத் தொண்டை, அந்த உயரத்தில் சாதாரணமாக நின்றாய். எங்களுக்கு இரண்டாவது வரியிலேயே குரல் கிழிந்தது. சுருதியை இறக்கலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது நீ வைத்துவிட்டுப் போனது, அதில் கை வைக்க யாருக்கு மனசு வரும்? பாட்டு நமக்கு வராது என்று அவரவரே முடிவு கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் டோலக் வாசிக்கும் கலியபெருமாள் மாமாவும் நானும்தான் மிச்சம்.

"தம்பி, பொட்டி ஒங்க வூட்டுலதான கெடக்கு. நீ கத்துக்கிட்டா உண்டு. இல்லன்னா பஜனை இதோட சரி" என்றார் மாமா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணே. நீ நடத்தியது என் காலத்தில் நின்றுபோய்விடுமோ என்ற பயம்தான்.

அப்போதுதான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் இசை முகாம் என்று நோட்டீஸ் பார்த்தேன். தெரிந்தவர்களும் வரலாம், ஒன்றுமே தெரியாதவர்களும் வரலாம் என்று போட்டிருந்தது. லீவு போட்டுவிட்டு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வேலை பார்க்கிற ஆண்டிமடம் பஸ்ஸிலேயே ஏறினேன். கூட வேலை பார்க்கிறவன், "என்னண்ணே, கச்சேரியா?" என்று கேட்டுவிட்டு, பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டான் பாவி.

அங்கே எல்லா ரகமும் இருந்தார்கள். வர்ணம் பாடும் பள்ளிக்கூடப் பெண்ணும், சரளி வரிசைக்குத் திணறும் பேங்க் ஆபீசரும் ஒரே பாயில். சொல்லிக்கொடுக்கும் டீச்சர் பெரம்பலூர்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் என்னைப் பாடச் சொன்னார். நாலரைக் கட்டையில் எடுத்தேன். பாதியிலேயே இருமல் வந்தது. அவமானமாக இருந்தது, அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

என்ன வேலை பார்க்கிறேன் என்று டீச்சர் கேட்டார், சொன்னேன். "சார், நீங்க பஸ்ஸுல ஊர் பேரு சொல்லி ஆள் கூப்பிடுவீங்கள்ல? அதே மாதிரி கூப்பிடுங்க பாப்பம்" என்றார்.

"ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், அரியலூர், ஏறு ஏறு" என்று கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பெட்டியில் தேடித் தேடி ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். என் குரலும் அதுவும் ஒன்றாக நின்றன.

"ஒரு கட்டை. இதுதான் சார் ஒங்க சுருதி. இதுல பாடுங்க, தொண்ட வலிக்காது."

பாடினேன், அண்ணே. வலிக்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்குக் குரலே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவன், அந்தப் பாயில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது மனசு உறுத்தியது. உன் சுருதியை எப்படி இறக்குவது? அண்ணி என்ன நினைப்பார்? தயங்கித் தயங்கி அண்ணியிடம் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒங்க அண்ணனும் கடைசியில தொண்ட எரியுதுன்னு மொளவு போட்டுப் பாலு குடிச்சிட்டுதான் படுப்பாரு தம்பி. எறக்கிப் பாடுங்களேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். தானா கத்துக்கிட்டவருல்ல, அந்தக் கறுப்புக் கட்டைய விட்டா வேற எடத்துல வெரலு போவாது அவருக்கு. வெளிய சொல்ல வெக்கம்."

ஏன் அண்ணே, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? உன் பெருமை என்று நாங்கள் கட்டிக்காத்தது உனக்கே பாரமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நெஞ்சிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

முகாமின் கடைசி நாள் அண்ணியும் கூட வந்தார். வீட்டிலிருந்து வந்தவர்களும் பாடலாம் என்று டீச்சர் சொன்னதும், பின்னால் சுவரோரம் இருந்த அண்ணியை நான்தான் கிள்ளிவிட்டேன். உன் மங்களப் பாட்டை எடுத்தார். ஒரு வரி பிசகவில்லை. டீச்சர் பெட்டியில் சுருதியைத் தேடிப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நாலரைக் கட்டை, அண்ணே. பெண் குரலுக்கு அது இயல்பான உயரமாம். நாமெல்லாம் தொண்டை கிழியக் கத்திய இடத்தில் அண்ணி காபி ஆற்றுகிற நிதானத்தோடு பாடினார். கோயிலில் இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பாடச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

போன சனிக்கிழமை ஒரு கட்டையில் பாடினோம். நின்றுபோனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் தப்புத் தப்பாகத்தான் வாசித்தேன், ஆனால் அவர்கள் குரலில் அது அமுங்கிப்போனது. மங்களம் வந்ததும் கலியபெருமாள் மாமா டோலக்கை நகர்த்தி வைத்து, "இங்க வந்து ஒக்காரும்மா" என்று அண்ணிக்கு முன்வரிசையில் இடம் விட்டார். எனக்குத்தான் கறுப்புக் கட்டையில் வாசிக்க வரவில்லை. பெட்டியை மூடிவிட்டேன். அண்ணி தனியாகப் பாடி முடித்தார்.

அடுத்த கோடைக்கும் அந்த முகாமுக்குப் போவேன். உன் விரல்கள் பழகிய கறுப்புக் கட்டைகளில் என் விரலும் ஓடும்வரை பழகுவேன். மற்ற பாட்டெல்லாம் எங்கள் சுருதியில் நடக்கும். மங்களம் மட்டும் என்றைக்கும் உன் நாலரைக் கட்டையில்தான். அண்ணி பாடுவார், நான் வாசிப்பேன். இது சத்தியம்.

இனி உனக்குப் பக்கத்தில் ஜால்ரா இல்லாமல், உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் தம்பி