ஊதிப் பார்க்காமல் வாங்கிய மவுத்பீஸ்

விரல்களில் இன்னும் பித்தளை மணக்கிறது. இன்று பின்னேரம் நல்லூரில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். வங்கியில் வேலை, தேவாலய பாண்டில் புதிதாக பேஸ் டிரொம்போன் என்ற கனத்த பித்தளை ஊதுவாத்தியம் பழகுகிறாள். அதில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் மூன்றைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்து, "சேர், எனக்கு எது சரிவரும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். "பாத்துச் சொல்லுற விஷயமில்லைப் பிள்ளை, மூண்டையும் ஊதிப் பாரும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கோபம் அவள்மேல் இல்லை என்பது, நண்பரே, உமக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உமக்கும் எனக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. நீர் ஆங்கிலம் படிப்பித்தீர், நான் கணக்கு. சைவக்காரன் வேதக்காரரின் தேவாலய பாண்டில் ஊதப் போகிறானே என்று என் வீட்டில் முணுமுணுத்தார்கள். நீர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனீர். இருவருக்கும் சாதாரண டிரொம்போன். பிறகு பாண்டுக்கு எங்கிருந்தோ நன்கொடையாக ஒரு பேஸ் டிரொம்போன் வந்தது, மவுத்பீஸ் இல்லாமல். உமக்கு அதன்மேல் கண். மார்கழியில் வரும் நத்தார் ஆராதனையில் பாட்டுகளுக்கு அடியில் கிடக்கும் அந்தக் கனத்த சுரத்தை நீரே ஊதவேண்டும் என்று ஆசைப்பட்டீர். உமது பழைய மவுத்பீஸின் காம்பில் கடதாசி சுற்றிச் செருகி, அதிலே பழகத் தொடங்கினீர்.

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம் அது. கிளாலியில் இரவோடிரவாக வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போகவேண்டிய அலுவல் எனக்கு வந்தபோது நீர் ஒன்றைத்தான் கேட்டீர்: "ஊதிப் பாத்து எடுத்துக்கொண்டு வாரும். எங்கடை ரெண்டு பேற்றை வாய்ச்சொண்டும் ஒரே அளவுதானே."

கொழும்பில் வாத்தியக் கடைக்காரர் கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். "வாறவங்க எல்லாம் ஊதித்தான் பாப்பாங்க, நீங்களும் பாருங்க" என்றார். செம்பில் வாய் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். பாண்டில்கூட என் மவுத்பீஸை ஒருவரையும் தொட விட்டதில்லை. ஊரார் எச்சிலில் எப்படி வாய் வைப்பது? கழுவித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை. பேஸ் என்றால் பெரியதுதானே என்று, விரலை விட்டுப் பார்த்து, இருந்ததில் பெரியதை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்றே உம்மிடம் இதைச் சொன்னேன். நீர் விழுந்து விழுந்து சிரித்தீர்.

"உம்மடை ஆசாரம் கடைசியிலை என்ரை சொண்டிலை வந்து விடிஞ்சிருக்கு!"

அந்த மவுத்பீஸ் உமக்குப் பெரிது. முதல் சுரம் பீப்பாவுக்குள் கூப்பிட்டதுபோல் அகலமாக வரும். பாட்டின் இரண்டாவது அடிக்குள் காற்று முடிந்துவிடும். மாரி தொடங்கும்வரை பின்னேரங்களில் கன்னம் சிவக்க ஊதினீர். பாண்டை நடத்திய அக்கா ஒருநாள் எல்லோர் முன்னும், "உந்த மவுத்பீஸ் உமக்குச் சரியில்லை. பழையதையே போட்டு ஊதும்" என்றார். நீர் என்னை ஒருதரம் பார்த்தீர். "இல்லை அக்கா, சாமான் நல்ல சாமான். இவர் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வள்ளத்திலை கொண்டந்தது. என்ரை மூச்சுத்தான் காணாது."

நான் குனிந்து என் டிரொம்போனைத் துடைத்தேன். அந்தச் சொல் எனக்கு இதமாக இருந்தது என்று எழுதவே இப்போது கூசுகிறது. அந்த நத்தாருக்கு பேஸ் டிரொம்போன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மூச்சுக் காணாது என்று சொன்னபின் நீர் உமது பழைய டிரொம்போனையும் எடுக்கவில்லை; பாட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் நின்று பாடினீர்.

அதன்பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. நீர் கனடாவுக்குப் போனீர். கடிதங்களில் பாண்டைப் பற்றி நீரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாசியில் நீர் காலமான செய்தி வந்தபின் உமது மனைவியோடு தொலைபேசியில் கதைத்தேன். பழைய கதைகளுக்கு இடையில் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மகள் சின்னனிலை பள்ளிக்கூட பாண்டிலை ஊதப் பழகப்போறன் எண்டு கேட்டவள், அண்ணை. இவர்தான் மறிச்சவர். எங்கடை பரம்பரைக்கு மூச்சுக் காணாது, நான் ஊதிப் பாத்துத் தோத்தனான் எண்டு சொல்லிப்போட்டார்."

என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நீரே நம்பிவிட்டீர். நடந்ததை எல்லாம் உமது மனைவியிடம் சொன்னேன். "மகள் இப்ப வளந்திட்டாள், அண்ணை" என்றார்.

அந்த நத்தார் காலையில் கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லில் நான் காற்றுக் காணாமல் வாத்தியத்தை இறக்கிவிட்டேன். பாடியவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உமது குரல் மட்டும் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. உமது மூச்சில் ஒரு குறையும் இருக்கவில்லை. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.