ஒரே மனைக்கு இரண்டு பட்டா

செப்டம்பர் 4, திங்கள்

காலை 10.05க்கு இணைப்பு அறுந்தது. 10.20க்கு வந்தது. 10.40, 11.10, 11.30 என்று மறுபடி மறுபடி. மழை இல்லை, மின்சாரமும் போகவில்லை.

முன்னறையில் என் கணினி, பின்னறையில் கினந்தியின் கணினி. இரண்டுக்கும் பொதுவாகக் கூடத்துச் சுவரில் வைஃபை பெட்டி. விளக்குகள் பச்சையாகத்தான் எரிகின்றன. பிறகு என்ன கேடு?

கினந்தி வாசற்படியில் வந்து நின்றாள். "அப்பா, உங்களுக்கும் போயிடுச்சா?" போய்விட்டது என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். விவாகரத்தாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த ஏழு மாதமாக எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

செப்டம்பர் 5

முழு விவரம் முர்னி சொல்லித்தான் தெரிந்தது. இந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதெல்லாம் என் மனைவி வழியாகத்தான்.

கினந்தி சேர்ந்திருப்பது பயணச்சீட்டு விற்கும் நிறுவனம். வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. மடிக்கணினியும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். இது சோதனை மாதம். பத்து முறைக்கு மேல் இணைப்பு அறுந்தால் வேலை நிரந்தரம் ஆகாது. நேற்றோடு நான்கு.

"வேலை போச்சுன்னா செமாராங் நகரத்துல அறை எடுத்துக்கிட்டுப் போய் வேற வேலை தேடுவேங்குறா. அந்தப் பெட்டியோட கொஞ்சம் பேசிப் பாருங்க. உங்களுக்கு மனுஷங்களோடதானே பேச வராது" என்றாள்.

இந்தச் சலாதிகா ஊர் நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவன் நான். எத்தனை எல்லைத் தகராறு பார்த்திருப்பேன். ஒரு பெட்டி எம்மாத்திரம்? அறும் நேரங்களை எல்லாம் இனி குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 6

10.03. 10.31. பெட்டியை அலமாரி உச்சிக்கு மாற்றினேன். பயனில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல வைங்க, குருவி கூடு கட்டட்டும்" – முர்னி.

செப்டம்பர் 8

சந்தேகம் ஒன்று உண்டு. போன வருடம் தெருக் கூட்டத்தில், பிள்ளையின் பாடத்துக்கு வேண்டும் என்று பக்கத்து வீட்டு கிதோ கடவுச்சொல் கேட்டார். சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? "தாராளமா" என்றேன். ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வைஃபை தெருக்குழாய் மாதிரி.

இன்று கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9

கிதோ ஒரு தட்டு வாழைப்பழ பஜ்ஜியோடு வந்தார். முக்கால் மணி நேரம் மழையையும் தன் முழங்கால் வலியையும் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது, "எங்க வீட்ல ஏதோ கோளாறு போலிருக்கு, சுதோபோ ஐயா. உங்களுக்கு ஒழுங்கா வருதா?"

"எங்களுக்கும் சரியில்லதாங்க." பொய்யும் இல்லை. அவர் போனதும் பஜ்ஜித் தட்டை முர்னியிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நானும் முர்னியும் கல்யாண வீட்டில் இருந்தோம். கினந்திக்கு வேலை. நாள் முழுவதும் ஒருமுறைகூட அறவில்லையாம். ஆக, திருடர்கள் தெருவில்தான் இருந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11

10.04. 10.22. 10.50. குபாங் ஊரில் இருக்கும் பழைய நண்பர் ஹர்தோனோவோடு இணையத்தில் ஆடிக்கொண்டிருந்த சதுரங்கமும் பாதியில் போய், நேரம் தீர்ந்து தோற்றேன்.

தெருக்காரர்கள் மேல் தப்பில்லை. மதில் ஓரம் நின்று கிதோவுக்குப் புதுக் கடவுச்சொல்லைச் சொன்னேன். "மாத்தினீங்களா என்ன? நான் கவனிக்கவே இல்லையே" என்றார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 12

குறித்த நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பத்து மணிக்கு முன்பு இல்லை. பத்து மணிக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது? நான் கணினியைத் திறந்து சதுரங்கம் ஆடுகிறேன். ஞாயிறன்று நான் வீட்டில் இல்லை.

பட்டியலை இன்னொரு முறை படித்தேன்.

திரையின் கீழ்மூலையில் சில நாளாக ஒரு சின்ன அறிவிப்பு வரும். படிக்காமலே மூடிவிடுவேன். இன்று கணினியைத் திறந்து, அதற்காகக் காத்திருந்து படித்தேன். இந்தக் கணினியின் எண்ணை இதே இணைப்பில் வேறொரு கணினியும் பயன்படுத்துகிறது – அவ்வளவுதான் செய்தி.

பெட்டிதான் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கொடுக்கும். அது அவ்வப்போது மாறும். மனை எண் மாறலாமா என்று ஆகஸ்டில் என் கணினிக்கு நானே நிரந்தரமாக ஒன்றைப் போட்டேன். பதினான்கு. நான் பிறந்த புதன் கிழமைக்கு ஏழு, எங்கள் ஐந்து நாள் சந்தைச் சுற்றில் அன்று வந்த 'போன்' என்ற நாளுக்கு ஏழு. எதற்கும் அந்தக் கூட்டுத்தொகையைத்தான் வைத்துக்கொள்வேன். பெட்டிக்கு இது தெரியாதே. கினந்தியின் புது மடிக்கணினிக்கு அதே பதினான்கைக் கொடுத்திருக்கிறது.

ஒரே மனைக்கு இரண்டு பட்டா. இப்படி எத்தனை வழக்கில் 'அலுவலரின் அஜாக்கிரதை' என்று எழுதியிருக்கிறேன். நானா? நானேதான்.

எண்ணை எடுத்துவிட்டேன். அதன்பிறகு மாலைவரை இரண்டு கணினியும் ஓடின, அறவில்லை. ஆனால் அந்த அறிவிப்பைப் படிக்கத் திறந்தபோது அறுந்த இரண்டோடு கினந்தியின் கணக்கு பதினொன்று. வரம்பு தாண்டிவிட்டது.

செப்டம்பர் 13

முர்னியிடம் சொன்னேன். "இத நான் தூக்கிட்டுப் போகமாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

இரண்டு முறை பின்னறை வரை போனேன். முதல் முறை அவள் யாருடனோ அழைப்பில் இருந்தாள். இரண்டாம் முறை சும்மாதான் இருந்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். என்ன மனுஷன்டா நீ.

செப்டம்பர் 14

வாயால் வராது. எழுத வரும்.

'கீழே கையெழுத்திட்டுள்ள நான்' என்று தொடங்கி, பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண். பதினொரு தடங்கலுக்கும் தேதி, நேரம். அனைத்தும் என் தவறால் நேர்ந்தவை, என் மகள் கினந்திக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. வருவாய் முத்திரை வில்லை ஒட்டி, அதன்மேல் பாதி விழும்படி கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி செல்லும்.

அவள் எழுந்திருக்கும் முன் மடிக்கணினி மேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மீன்தொட்டியைக் கழுவினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 15

காகிதம் அங்கே இல்லை. அவள்தான் எடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 18

முர்னி வழியாக: கினந்தி அதைப் படம் எடுத்து மேலதிகாரி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். முத்திரை ஒட்டின மன்னிப்பை அந்த அம்மாள் தன் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லையாம். சிரித்துவிட்டுக் கணக்கிலிருந்து பதினொன்றையும் நீக்கிவிட்டார்கள். இன்றிலிருந்து புதுக் கணக்கு.

செப்டம்பர் 30, சனி

வேலை நிரந்தரம். ஒருமுறைகூட அறவில்லை.

முத்திரை ஒட்டிய மூலப்பிரதி அப்படிக் கிடக்கக் கூடாது, கோப்பில் வைக்கிறேன், கொடு என்று கேட்டேன்.

"தரமாட்டேம்பா."

"உனக்கு எதுக்கும்மா அது?"

மடிக்கணினியை மூடினாள். பிறகு சொன்னாள்: "அவரோட அஞ்சு வருஷம் இருந்தேன். ஒரு தடவகூடத் தப்பு என்னுதுன்னு சொன்னதில்ல. கோர்ட்லயும் எல்லாத்தையும் என் மேலதான் எழுதினாரு. நீங்க நேரம் முதக்கொண்டு போட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அழுகைதான் வந்தது. அவளும் பார்த்தாள்.

மதியம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, என் மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டாள். பின்னறை ஒரே புழுக்கம், இனி இங்கேதான் என்றாள். என்னிடமே சொன்னாள்.