கையில் பிரஷ் பிடித்த புனிதை

அன்புள்ள அக்கா,

பெயிண்ட் வாசம் ஆகாதென்று உன் மாமியார் சொன்னதிலிருந்து நீ பிரஷ்ஷைத் தொடவில்லை. கேட்டால் "நல்லாருக்கேன்" என்கிறாய். நம்புவதற்கு நான் என்ன மச்சானா?

வெளிநாட்டு மியூசியங்கள் தங்கள் ஓவியங்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. பெரிதாக்கினால் பிரஷ்ஷின் தடம்கூடத் தெரிகிறது. ஒன்றை நம் வீட்டு டிவியில் போட்டேன். அம்மா சிலுவை அடையாளம் வரைந்து, மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார்.

"எந்தப் புனிதை சாமி இவங்க, கையில பிரஷ்ஷோட?"

"புனிதை இல்லம்மா. தன்னையே வரைஞ்சுகிட்ட ஓவியக்காரி."

அம்மா மெழுகுவத்தியை அணைக்கவில்லை. பரணிலிருந்து உன் பெயிண்ட் பெட்டியை இறக்கித் துடைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிபாளையம் பஸ் ஏறுகிறேன். பென் டிரைவில் படங்கள், பையில் உன் பெட்டி. உன் மாமியாருக்கு வாசம் ஆகாது. எனக்கு உன் வனவாசம் ஆகாது. வீட்டுக்குள் கூடாதென்றால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரை. பெட்டியை நான் திருப்பி எடுத்துவர மாட்டேன்.

உன் வாலு