விளம்பரப் பலகையில் உன் சிரிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று கிண்டல் செய்யாதே. போனில் கூப்பிட்டால் நாலு வார்த்தை பேசி மழுப்பிவிட்டு வைத்துவிடுகிறாய். உன் கையில் இருப்பதோ கம்பெனி போன். விமானிகள் தங்களுக்குள் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதை யாரோ மேலே போட்டுக்கொடுத்து, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்தப் போனில் சாப்பிட்டாயா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் விமானத்தில் வேலை பார்க்கும் பணிப்பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கிற பெண் இல்லை. தனியாக இருக்கும்போது படி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி இங்கே எங்களோடு நன்றாக இருக்கிறாள். வயிற்றிலிருக்கும் குழந்தை நல்லபடியாக வளர்கிறது என்றார் டாக்டர். கால் வீக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார். உன் அத்தான் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போடுகிறார். நாங்களும் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறோம். திறந்தால் கரண்டி என் கைக்கு வந்துவிடும்.

நம் கம்பெனி ஆபீஸ் கதை உனக்குத் தெரிந்ததுதான். விமானத்துக்குள் அடிக்க ஒரு வாசனை வேண்டுமாம். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, பெரிய ஓட்டலில் தங்கவைத்திருக்கிறார்கள். காகிதத் துண்டுகளை முகர்ந்து முகர்ந்து எங்கள் விளம்பரப் பிரிவில் எல்லோருக்கும் தலைவலி. பழைய மரமும் புதுத் தோலும் கலந்து, பணக்காரத்தனமாக இருக்க வேண்டும் என்றார் எங்கள் மேனேஜர். பணக்காரத்தனத்துக்கு என்ன வாசனை என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதே வாரம்தான் உங்கள் விமானிகள் நிலுவைச் சம்பளத்தைக் கேட்க வந்தார்கள். தொழில் மந்தம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் லிஃப்டுக்காக நின்றபோது வாசனைக்காரருக்குக் காபி போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் ஒழுங்காகச் சம்பளம் வருகிறது. உங்கள் கேப்டன்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் படிக்கட்டில் இறங்கிப் போனேன்.

நீ வாடகைக் கார் ஓட்டுவது எனக்குத் தெரியும். உன் மனைவியைத் திட்டாதே. அவளாகச் சொல்லவில்லை, நான்தான் வாயைக் கிளறி வாங்கினேன். இங்கே பணம் அனுப்ப வேண்டும் என்று யாருடா உன்னைக் கேட்டது? பகலெல்லாம் விமானம், இறங்கியதும் சட்டையை மாற்றிக்கொண்டு கார். நீ எப்போது தூங்குகிறாய் என்று அவளிடம் கேட்டேன். அவள் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயம்.

எங்கள் தெரு முனையில், சிக்னலுக்கு மேலே உன் படத்தை வைத்திருக்கிறார்கள். நீ காக்பிட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற படம். 'நிம்மதியாக உறங்குங்கள், நாங்கள் விழித்திருக்கிறோம்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்துக்கு எங்கள் பிரிவில் ஒருவருக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். உன் மனைவி தினமும் நடக்கப் போகும்போது அங்கே நின்றுவிடுகிறாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இவர் இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

'கேப்டனோடு ஒரு நாள்' என்று படம் எடுப்பதற்காக உங்கள் காக்பிட்டில் சின்னக் கேமராவைப் பொருத்தினோமே, அதிலிருந்து எடுத்த படம் அது. முகத்துக்குப் பவுடர் போடணுமா என்று முதல் நாள் அதைப் பார்த்துக் கேட்டவன், இரண்டாம் வாரத்தில் அது இருப்பதையே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. என் உதவியாளர் வேகமாக ஓட்டிப் பார்த்து அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறைதான். "இந்தச் சிரிப்பைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது" என்றார்.

போன வாரம் அதே படம் இன்னும் பெரிதாக, விமான நிலையச் சுவர் அளவுக்கு வேண்டும் என்றார்கள். அதற்காக நான் அசல் பதிவைத் திறந்தேன். சிரிப்புக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டேன்.

நல்ல வெயில். உங்கள் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம். அந்தத் துணை விமானிப் பையன் கொஞ்சம் கண் அசரட்டுமா என்று கேட்கிறான். நீ தலையாட்டுகிறாய். ஒருவர் கண்ணை மூடினால் மற்றவர் பார்த்துக்கொள்வது உங்கள் வழக்கம்தான் என்று எனக்குத் தெரியும். அவன் தூங்கிவிட்டான். நீ கன்னத்தைத் தட்டிக்கொள்கிறாய். தண்ணீர் குடிக்கிறாய். சீட்டில் நிமிர்ந்து உட்காருகிறாய். அப்புறம் உன் தாடை மெல்ல மார்பில் இறங்குகிறது. இப்போது எழுந்துவிடுவான், இப்போது எழுந்துவிடுவான் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கீழே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் ரேடியோவில் உங்களைக் கூப்பிடுகிறார். மறுபடியும் கூப்பிடுகிறார். அவர் குரல் மாறுகிறது. "கேக்குதா? யாராவது பதில் சொல்லுங்க" என்கிறார். விமானம் பாட்டுக்குத் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் தலையும் ஒரே பக்கமாக ஆடுகிறது.

தம்பி, நீ உயிரோடு இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாள்தான் உன்னோடு பேசினேன். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருடா எழுந்திருடா என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். சட்டென்று படத்தை மறைத்து, அவளை அனுப்பிவிட்டு மீதியைப் பார்த்தேன்.

பணிப்பெண் காபியோடு கதவைத் தட்டினாள். நீ திடுக்கிட்டு எழுந்தாய். முதலில் ரேடியோவில் பதில் சொன்னாய். ரேடியோ கோளாறு என்று சொன்னாய். அப்புறம் கதவு திறந்ததும் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் சிக்னலுக்கு மேலே இருக்கிறது.

இதை இதுவரை பார்த்தது நான் ஒருத்திதான். உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. அழித்துவிடலாம் என்று கை போனது. அழித்தால் என்ன ஆகும்? நீ மறுபடியும் அதே சீட்டில் போய் உட்காருவாய். மேலே கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். கொடுத்தால் உன் உரிமம் போய்விடும். அதோடு விடுவார்களா? பார், விமானிகள் லட்சணத்தை, இவர்களுக்குச் சம்பளம் வேறா என்று உன்னைக் காட்டியே மற்ற எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார்கள். சிக்னலைத் தாண்டும்போது உன் மனைவி நிற்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வருகிற சனிக்கிழமை பத்திரிகைக்காரர்களையும் பெரிய வாடிக்கையாளர்களையும் ஏற்றிக்கொண்டு புது வர்ணம் பூசிய விமானம் பறக்கப் போகிறது. வாசனையும் அன்றுதான் வெளியீடு. அதை ஓட்டுகிறவர்களுக்கு நிலுவை முழுவதும் முதலில் கிடைக்கும் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். நீ உடனே ஒத்துக்கொண்டாயாம். வெள்ளிக்கிழமை ராத்திரிகூடக் கார் எடுக்கப் போவதாக உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாய்.

உடம்பு சரியில்லை, என்னால் இன்று ஓட்ட முடியாது என்று ஒரு விமானி சொன்னால், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நீ வேலையில் சேர்ந்த புதிதில் இதைத்தான் எங்களிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னாய். இப்போது அப்படிச் சொல்பவர்களைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள், நிலுவையில் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தள்ளட்டும். சனிக்கிழமைக்கு முன்னால் அதைச் சொல்லிவிடு. அன்றைக்கு நடந்ததையும் நீயே எழுதிக் கொடு. எத்தனை மாதமாகச் சம்பளம் இல்லை, இறங்கியதும் எங்கே போகிறாய், எல்லாவற்றையும் சேர்த்து எழுது. உங்கள் சங்கத்துக்காரர்களை வைத்துக்கொண்டு எழுது. நீயே சொன்னால் கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். வேறு யாராவது கண்டுபிடித்தால் நீ குற்றவாளி. பிரசவச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அத்தானும் நானும் எதற்கு இருக்கிறோம்?

நீ பிடிவாதக்காரன் என்று எனக்குத் தெரியாதா? இதைப் படித்துவிட்டு, அக்கா பயந்தாங்கொள்ளி, ஒருநாள்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைப்பாய். பயந்தாங்கொள்ளிதான். விமானக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இன்றுவரை ஒருமுறைகூட விமானத்தில் ஏறாதவள் நான். இலவசமாகக் கூப்பிட்டபோதும் காது வலி, கால் வலி என்று தப்பித்தவள்.

சனிக்கிழமை விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ள எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் போக வேண்டும். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்கு ஒரே ஆச்சரியம். காக்பிட் கதவுக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டு எனக்கு. நீ வந்தால் நான் ஏறுவேன். உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன், யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னை ஏறவிடாதே தம்பி. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் தூங்கு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா