நிமிஷ முள் இல்லாத வாட்ச்

7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சாம்பிள் வாட்ச் வந்துவிட்டது. ஒரே முள். எண் கிடையாது, ஒவ்வொரு மணிக்கும் அதன் கால், அரை, முக்காலுக்கும் கோடு மட்டும். என் டிசைன்தான். நானே கட்டிப் பார்த்து வெள்ளிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு நிமிஷ முள் வேண்டுமாம். சேர்த்தால் கடையில் தொங்கும் ஆயிரத்தில் இதுவும் ஒன்று.
வாங்க: பால், தங்கைக்கு நைட்டி 2, பிளாஸ்க்.

8, செவ்வாய்
தாம்பரம் மார்க்கெட். மீன்கார அக்கா மணி கேட்டார். ஒன்பதேகால் இருக்கும் என்றேன். "வாட்ச் கட்டிகினு இருக்கும்ன்றியே. அத்த நானே சொல்வேனே." நியாயம்தான்.
ரயிலில் ஐ.டி. பெண் ஒருத்தி என் கையையே பார்த்தாள். எங்கே கிடைக்கும் என்றாள். நிமிஷம் தெரியாது என்று எச்சரித்தேன். "அதனாலதான் கேக்கறேன். நிமிஷம் எண்ண ஆபீஸ் இருக்கு." அப்படியே மேனேஜருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம்.

9, புதன்
தங்கைக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரி. அவள் மாமியார் பஞ்சாங்கமும் கையுமாக. நாலரை வரை மூல நட்சத்திரம், பிறகு பூராடம். பெண் மூலம் நிர்மூலம் என்று நாளைக்கு ஊர் சொல்லுமே என்ற பயம். எனக்குச் சிரிப்பு. பிறகு பெரியம்மா பெண் நினைவு. மூலம். முப்பத்தெட்டு வயது. ஜாதகம் கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. சிரிப்பு போய்விட்டது.
உள்ளே கூட இருந்தது நான்தான். பெண். 2.9 கிலோ. தலை நிறைய முடி. அழுதுவிட்டேன். அழுகையிலும் வாட்சைப் பார்த்தேன். நாலரைக் கோட்டை மூடிக்கொண்டு முள்.
நர்ஸ் 4.30 என்று எழுதினார். சுமாராகத்தான், ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும் என்றார். மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ வாட்ச் செய்யற பொண்ணு. கரெக்டா சொல்லும்மா."
"நாலு முப்பத்திநாலு, அத்தை."
கூசாமல் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

10, வியாழன்
மழை. மேனேஜர் போன். நிமிஷ முள் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். கட்டிப் பார்த்ததில் தெரிந்தது என்றேன். யோசிக்கிறாராம்.
ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி. குழந்தையை என் மடியில் வைத்த மாமியார், அப்படியே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.
"நிமிஷ முள்ளு எங்கம்மா?"
"இல்ல அத்தை."
வாசலில் தங்கை கணவர், ஜோசியரிடம் போனில் நாலு முப்பத்திநாலு, நாலு முப்பத்திநாலு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் அங்கே ஒரு பார்வை பார்த்தார். என் துப்பட்டாவை இழுத்து வாட்சை மூடினார்.
"கடைக்கு வந்ததும் எனக்கு ஒண்ணு எடுத்து வை."