அலமாரியில் இருந்த பாலன்

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் அம்மாவின் முழங்காலும் என் முதுகும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனை எடுத்தால் எனக்கு மழை வெயிலைத் தவிர வேறு பேச்சு வராது, அது உனக்கே தெரியும். இங்கே ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதாகிப் பதினொரு நாள் ஆகிறது, ஏழு மாடி ஏறி இறங்கியதில் கிறிஸ்மஸ் வந்ததே பாரமாக இருந்தது.

உண்மையில் லிஃப்ட் மேல் பழி போடக்கூடாது. உன் வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை என்று ஜூலையில் நீ அழுத நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் வாய் அசைந்தது, அவ்வளவுதான். துறைமுகத்தில் முப்பது வருஷம் சிலுவை போட்டுவிட்டுக் கிரேன் ஏறியவன், இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதுகூட அம்மா பார்க்கிறாளே என்றுதான். இந்த வருஷம் கிறிஸ்மஸ் குடில் வேண்டாம் என்றேன். அம்மா கேட்காமல் டிவி பக்கத்தில் தானே கட்டிவிட்டாள். ஆனால் பாலன் இயேசு சுரூபத்தை அலமாரியிலிருந்து எடுத்து வைக்கோலில் கிடத்துவது நம் வீட்டில் என் வேலை. நான் எடுக்கவில்லை. கிறிஸ்மஸ் காலையில் முதுகுவலி என்று சாக்குச் சொல்லிப் படுத்துக்கொண்டேன், அம்மா தனியாகப் பூசைக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஜெகதீஸ்வரி நெற்றி நிறைய திருநீறும் கையில் கேசரித் தட்டுமாக வந்தாள், கிறிஸ்மஸுக்கு அவள் வருஷம் தவறியதில்லை. குடிலைப் பார்த்துவிட்டுப் பிள்ளை எங்கே என்றாள், அலமாரியில் என்றேன். "என்னாண்ணே இது, பொறந்த பிள்ளைய யாராச்சும் அலமாரிக்குள்ள போட்டு மூடுவாங்களா?" என்று நிஜமாகவே கோபப்பட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கழுத்துக்கு அடியில் உள்ளங்கை கொடுத்து வாங்கினாள். சாணளவு பொம்மை அது, சின்ன வயதில் நீ கீழே போட்டு மூக்கு உடைந்தது. வீட்டிலிருந்து கண்மை எடுத்து வந்து கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தாள், நாலு பேர் வந்து பார்க்கிற இடம், கண் பட்டுவிடுமாம். ஆண்டவருக்கா கண் படும், நம்மில் அந்த வழக்கமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டாள். என் கையும் தானாகக் கழுத்துக்கு அடியில் போய்விட்டது சாந்தினி. ஆறு வயதில் பாலன் மூச்சு விடுகிறாரா என்று குடில் பக்கத்தில் காத்துக் கிடந்தவன் நான், அறுபத்தெட்டில் அதேபோலக் குனிந்து பார்த்தேன், சிரிக்காதே. ஆண்டவரும் ஒரு காலத்தில் கழுத்து நிற்காத பிள்ளையாக யாரோ ஒருவர் கையை நம்பிக் கிடந்தவர்தானே என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அழுதுவிட்டேன், ஜெகதீஸ்வரி டிவியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். பூசை முடிந்து வந்ததும் பொட்டைப் பார்த்து அம்மா திட்டுவாள் என்று பயந்தேன், அவளோ ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜூலையில் நீ போனில் அழுதபோது ஆண்டவர் சித்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தேனே, அது விசுவாசம் இல்லையம்மா, பயம். அப்பாவை மன்னித்துவிடு. உன் வீட்டில் இந்த வருஷம் கிறிஸ்மஸ் கொண்டாடவில்லை என்று அம்மா சொன்னாள், நான் வற்புறுத்த மாட்டேன், எனக்கே இப்போதுதான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாதே, மாப்பிள்ளையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். பாலன் இயேசு உங்கள் இருவரையும் தேற்றிக் காக்கட்டும்.

இதற்கு மட்டும் மறக்காமல் பதில் போடு. இப்போது தினமும் உங்கள் பிள்ளைக்காக ஜெபிக்கிறேன், என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிடுகிறேன். நீங்கள் இருவரும் ஏதாவது பேர் நினைத்து வைத்திருந்தால் தாத்தாவுக்குச் சொல்லுங்கள்.

முத்தங்களுடன்,
உன் அப்பா ஜெயராஜ்