சிவப்புக் கோடு போட்ட மரம்

எதிர்வீட்டுக்காரிக்கு,

நாம் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் மரத்து இலை என் வாசலில் விழுகிறது என்றதற்கு, "அதுக்காக மரத்துக்குச் சாக்கு கட்டிவிடவா?" என்று கேட்டாயே, மறக்கவில்லை.

நீ மகள் வீட்டுக்குப் போனதும் தெருவை அகலமாக்க வந்து, உன் மரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதை வெட்டுவார்களாம். வெட்ட வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று அதிகாரி கேட்டார். "அக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். "தங்கச்சியையே வரச் சொல்லுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரருக்கு இப்போது வீட்டுச் சூட்டில் மூச்சு முட்டுகிறது. பகலெல்லாம் உன் மரத்தடியில்தான் கிடக்கிறார். சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டார். அழகுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வந்து கையெழுத்துப் போடு. என்னோடு பேச வேண்டாம். சனிக்கிழமை அவரை எங்கே உட்காரவைப்பேன்?

எதிர்வாசலிலிருந்து,
நான்தான்.